மஞ்சள் பெட்டியில் பதினோரு அட்டை

திம்மராயன் மனிதர்களை நம்புவதை விட்டு இருபது வருஷம் இருக்கும். பால் பாக்கெட் வாங்கினால் தேதியைப் பார்த்துதான் வாங்குவார். பஸ்ஸில் டிக்கெட் கொடுத்தால் எண்ணைப் பார்த்துவிட்டுத்தான் பையில் வைப்பார். எழுத்து வராது, எண் வரும். இரண்டாம் வகுப்போடு மாடு மேய்க்கப் போனவருக்கு அவ்வளவு வந்ததே பெரிது.

சூளகிரிப் பக்கம், பெங்களூர் ரோட்டை ஒட்டி இருந்த ஒரு வார்ப்படக் கம்பெனியின் பின்கேட்டில் ஒன்பது வருஷமாக செக்யூரிட்டி வேலை. உள்ளே வருகிற வண்டி, வெளியே போகிற வண்டி, எல்லாவற்றின் நம்பரையும் நேரத்தையும் நோட்டில் எழுதுவார். டிஎன், கேஏ, ஏபி என்கிற இங்கிலீஷ் எழுத்துகள் மட்டும் அவர் கைக்கு அச்சு மாதிரி வரும். அதற்கு மேல் ஒரு வரி எழுதச் சொன்னால் பேனாவைக் கீழே வைத்துவிடுவார்.

அப்படிப்பட்டவர் அந்தக் கம்பெனியில் இரண்டை மட்டும் நம்பினார். ஒன்று, கேட்டுக்கு உள்ளே சுவரில் மாட்டியிருந்த மஞ்சள் பெட்டி. இன்னொன்று, எடைமேடை அறையில் கம்ப்யூட்டருக்கு முன்னால் உட்கார்ந்திருந்த மோகனப்ரியா.

மஞ்சள் பெட்டி என்பது இதுதான். யாராவது அடிபட இருந்து தப்பித்ததைக் கண்ணால் பார்த்தால், அதை ஓர் அட்டையில் எழுதி அந்தப் பெட்டியில் போடவேண்டும். 'நியர் மிஸ் கார்டு' என்பார்கள். மூன்று நாளில் நடவடிக்கை என்று பெட்டிமேலேயே எழுதியிருந்ததாம். போன வருஷம் கேட்டோரம் சாக்கடைமேல் போட்ட இரும்புக் கம்பி விட்டுப்போய், கேன்டீன் பொம்பளை ஒருத்தி கால் உள்ளே போக இருந்தது. யாரோ அட்டை போட்டார்கள். நாலாம் நாள் வெல்டர் வந்து பற்றவைத்துவிட்டுப் போனான். திம்மராயன் அந்தக் கம்பியைக் காலால் மிதித்து மிதித்துப் பார்த்தார். அன்றிலிருந்து அந்தப் பெட்டிமேல் அவருக்கு ஒரு மரியாதை.

மோகனப்ரியாவை நம்பியதற்கும் காரணம் இருந்தது. சாத்தூர்ப் பக்கமிருந்து பிழைக்க வந்த குடும்பத்துப் பெண். ஒருமுறை அவர் மகன் ஒரு பத்திரத்தைக் கொண்டுவந்து, ரேஷன் கார்டு விஷயம், கையெழுத்துப் போடு என்றான். அதை அவர் இவளிடம் நீட்டினார். "தாத்தா, இதுல உங்க வீட்ட அவரு பேருக்கு எழுதிக் குடுக்கிறதா இருக்கு. கையெழுத்துப் போட்ராதீங்க" என்றாள். மகன் அதோடு பேச்சை நிறுத்திக்கொண்டான். திம்மராயன் அதற்குப் பிறகு எந்தத் தாளானாலும் அவளிடம்தான் கொண்டுபோவார்.

பொங்கல் விடுமுறை முடிந்த வாரம். மாலை நாலேகால் மணி. கேட்டுக்கு வெளியே சர்வீஸ் ரோட்டில் டிரெய்லர் வண்டிகள் வரிசையாக நின்றிருந்தன. முன்னால் ஒன்று உள்ளே போனால், பின்னால் நிற்பவை ஒரு வண்டி நீளம் நகரும். அப்படி நகர்ந்துகொண்டிருந்த ஒரு டிரெய்லரின் நடுவயிற்றுக்குக் கீழே இருந்து ஏதோ வெளியே பாய்ந்தது. நாய் என்றுதான் முதலில் நினைத்தார். அது எழுந்து நின்று முழங்காலைத் தட்டிக்கொண்டது. பள்ளிக்கூடச் சட்டை போட்டிருந்தது. எதிரே நெட்டைப் பையன் ஒருவன் செல்லைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றான்.

கொஞ்ச நேரத்தில் தர்ஷினி வீட்டுச் சாவி வாங்க வந்தாள். மகள் வயிற்றுப் பேத்தி, ஏழாம் வகுப்பு. அவள் அம்மா தளி ரோட்டில் ரோஜாப் பண்ணையில் வேலை முடிந்து வர ஆறரை ஆகும்.

"அது சொரங்கம் தாத்தா" என்றாள் தர்ஷினி, அவர் கேட்டதற்கு. "மொதல்ல பஸ்ஸுக்கு நேரமாச்சுன்னு நிக்கற வண்டிக்கு அடில பூந்து போனாங்க. வரிசயச் சுத்திப் போனா பஸ்ஸு போயிடுதில்ல. இப்ப நிக்கற வண்டில பூந்தா செல்லாது. நவுரறப்ப பூரணும்."

"பூராதவங்க?"

"அவங்க பேரு கட்ட. நீ டயருக்கு அடில வெப்பியே, மஞ்சக் கட்ட, அது."

திம்மராயன் கேட்டுக்குள் நிற்கும் வண்டியைப் பார்த்தார். உள்ளே வந்த வண்டியின் சாவியை டிரைவரிடம் வாங்கி ஆணியில் மாட்டுவதும், சக்கரத்துக்குக் கட்டை வைப்பதும் அவர் வேலைதான்.

"நீ பூந்தியா?"

"என் நம்பரு இன்னும் வர்ல. எங்க கிளாஸ் அட்டெண்டன்ஸ் நம்பருப்படி ஒரு நாளைக்கு ஒருத்தரு. இன்னிக்குப் பன்னண்டு. நானு இருவத்திமூணு."

"நீ போவக் கூடாது."

"சரி" என்றாள். அந்தச் சரியை அவர் நம்பவில்லை. "யாருகிட்டயும் சொல்லாத தாத்தா. சொன்னா என்கூட ஒருத்தரும் பேசமாட்டாங்க. அம்மா மேல சத்தியமா சொல்லாத."

"சொல்லல போ" என்றார்.

இன்னும் பதினோரு பள்ளிக்கூட நாள். அது அவருக்கு விரல் மடக்காமலேயே தெரிந்தது.

மறுநாள் வேலைக்குப் போகும்முன் பள்ளிக்கூடத்துக்குப் போனார். பேத்தி பேரை எடுக்கவில்லை. பசங்க வண்டிக்கு அடியில் பூருகிறார்கள் என்று மட்டும் சொன்னார். ஹெட்மாஸ்டர் உட்காரச் சொல்லவில்லை.

"அது எங்க காம்பவுண்டுக்கு வெளிய நடக்கறது பெரியவரே. யாரு யாருன்னு எழுதிக் குடுங்க, டிசி குடுத்து அனுப்பிடறன்."

டிசி கொடுத்தால் அந்தப் பையன் பகல் பூராவும் ரோட்டில் நிற்பான், வேறென்ன என்று நினைத்துக்கொண்டு வெளியே வந்தார். இது பெட்டிக்குத்தான் சரி.

எடைமேடை அறைக்குப் போய் அட்டையை மோகனப்ரியா முன்னால் வைத்தார்.

"எழுது பாப்பா. நேத்து நாலேகாலு. கேஏ அம்பத்தொன்னு வண்டி. அடில ஒரு பையன் பூந்து அந்தாண்ட வந்தான். வண்டி நவுந்துகிட்டு இருந்துச்சு. முன்னால ஒருத்தன் நின்னு நம்பரக் கூப்புடறான், செல்லுல படம் புடிக்கறான். பெரிய பையன், பத்தாவது இருக்கும். எடது கைல செவப்புக் கயிறு. அவந்தான் இதுக்குத் தலைவன். அவனப் புடிச்சா எல்லாம் நின்னுரும். ஹெட்மாஸ்டரு டிசி குடுக்கறன்றாரு. அதெல்லாம் எழுதாத. வண்டிய நாலு மணிக்கு நிறுத்திவெக்கச் சொல்லி எழுது."

மோகனப்ரியா அவரை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு குனிந்து எழுதினாள். அவர் கீழே கையெழுத்துப் போட்டார். கையெழுத்து என்றால் தி என்கிற எழுத்தும் அதற்குப் பின்னால் ஒரு கோடும்.

அட்டையைப் பெட்டிக்குள் போட்டபோது உள்ளே அது விழுந்த சத்தம் கேட்டது. நிம்மதியாக இருந்தது.

மூன்று நாள் பார்த்தார். ஒன்றும் நடக்கவில்லை. ஆனாலும் விடவில்லை. ஒவ்வொரு நாளும் ஓர் அட்டை. பதின்மூன்று, பதினாலு, பதினைந்து. நோட்டிலும் அந்தந்த வண்டி நம்பருக்குப் பக்கத்தில் ஒரு வட்டம் போட்டுவைத்தார். பத்தொன்பதாம் நம்பர் பெண் பிள்ளை. அவள் பூரும்போது புத்தகப் பை அச்சில் மாட்டி, வார் அறுந்து, பின்சக்கரம் பைமேல் ஏறியது. சாப்பாட்டு டப்பா தகடாகிக் கிடந்ததை அவரே போய் எடுத்துவந்தார். அதைக் கொண்டுபோய் மோகனப்ரியாவின் மேஜைமேல் வைத்தார்.

"பாரு. அந்தப் பாப்பா ஒரு சாண் பின்னால இருந்திருந்தா இதுதான்."

அவள் கை நின்றுவிட்டது. தண்ணீர் குடித்தாள். பிறகு எழுதினாள்.

"அந்தச் செவப்புக் கயிறு எழுதுனியா?"

"எழுதிட்டேன் தாத்தா."

இருபத்தொன்றாம் நம்பர் போன அன்று காலையில் கிரேன் வந்தது. இரண்டு ஆட்கள் சர்வீஸ் ரோட்டில் குழி தோண்டி ஒரு கம்பம் நட்டு, உச்சியில் புதிய விளக்கை மாட்டினார்கள். எரிகிறதா என்று பட்டப்பகலில் போட்டுப் பார்த்தார்கள். எரிந்தது. நல்ல வேலைதான், யார் கேட்டார்களோ என்று திம்மராயன் நினைத்துக்கொண்டார்.

இருபத்திமூன்றாம் நம்பரின் நாள். காலையில் தர்ஷினி இரட்டைச் சடையை மடக்கி, ஊசி குத்தி, தலையோடு ஒட்டவைத்துக்கொண்டு போனாள். எதற்கு என்று அவர் கேட்கவில்லை. மூன்றே முக்காலுக்குக் கேட்டுக்கு வெளியே போய் நின்றுகொள்வது என்று முடிவு செய்து வைத்திருந்தார்.

ஆனால் மூன்று மணிக்கு எல்லாரையும் கேன்டீனுக்குக் கூப்பிட்டார்கள். மாதாந்திர பாதுகாப்புக் கூட்டம். சேப்டி ஆபீசர் முத்துக்குமார் மைக்கைப் பிடித்தார்.

"நம்ம செக்யூரிட்டி திம்மராயன் ஐயாவ எல்லாரும் பாக்கணும். படிச்ச நாம போடல. அவரு பதினோரு கார்டு போட்ருக்காரு. ஒரே விஷயத்துக்கு. விடல மனுஷன். அதனாலதான் இன்னைக்கு பின்கேட்டு ரோட்டுல வெளிச்சம் வந்திருக்கு."

கைதட்டினார்கள். யாரோ அவரை முதுகில் தள்ளி மேடைக்கு அனுப்பினார்கள். கையில் ஒரு எவர்சில்வர் டிபன் கேரியரைக் கொடுத்தார்கள்.

"நான் லைட்டு கேக்கல சார்" என்றார் திம்மராயன்.

முத்துக்குமார் சிரித்தார். "அடக்கம். கேக்காமலா? இந்தா இருக்கே." கையிலிருந்த அட்டைக் கட்டில் மேலே இருந்ததை எடுத்து மைக்கில் படித்தார். "பின்கேட் சர்வீஸ் ரோட்டில் தெருவிளக்கு இல்லை. மாலையில் நடந்து செல்வோர் மீது வண்டி மோத வாய்ப்புள்ளது. விளக்கு அமைக்கவும். இப்படிக்கு திம்மராயன்."

அடுத்ததையும் படித்தார். அதுவும் அதேதான். பதினொன்றும் அதேதான். தி போட்டு கோடு இழுத்த பதினோரு கையெழுத்து.

திம்மராயன் கூட்டத்துக்குள் தேடினார். மோகனப்ரியா மூன்றாவது வரிசையில் இருந்தாள். எல்லாரோடும் சேர்ந்து கைதட்டியிருந்த கை இன்னும் பிரியாமல் இருந்தது. அவள் தரையைப் பார்த்தாள்.

டிபன் கேரியரை மேடையிலேயே வைத்துவிட்டு இறங்கி நடந்தார். கடிகாரத்தில் மூன்று ஐம்பத்தெட்டு.

கேட்டுக்கு வெளியே நாலு டிரெய்லர் நின்றிருந்தன. முதல் வண்டியில் கரியப்பன், ராயக்கோட்டைக்காரர், ஏழெட்டு வருஷமாகத் தெரிந்த டிரைவர்.

"சாவியக் குடு."

"உள்ள வந்தாத்தான சாவி?"

"இன்னிக்கு இங்கயே."

"என்னய்யா, புது ரூல்ஸா?"

"ஆமா."

கரியப்பன் கொடுத்துவிட்டார். அவர் கொடுத்ததைப் பார்த்து மற்ற மூன்று பேரும் கொடுத்தார்கள். திம்மராயன் உள்ளே இருந்த மஞ்சள் கட்டைகளைக் கைக்கு ஒன்றாக இழுத்துவந்து நாலு வண்டிக்கும் முன்சக்கரத்தில் வைத்தார். நாலு நடை. மூச்சு வாங்கியது. சாவிகளைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு ரோட்டில் நின்றார்.

பள்ளிக்கூடம் விட்டது. பிள்ளைகள் மண் ரோட்டில் வந்தார்கள். நெட்டையாக ஒருவன் முன்னால் வந்தான். இடது கையில் சிவப்புக் கயிறு, வலது கையில் செல். அவனுக்குப் பின்னால் தர்ஷினி. பையைக் கழற்றித் தோழியிடம் கொடுத்திருந்தாள்.

"இருவத்திமூணு, ரெடியா?" என்றான் அவன். பிறகு கட்டைகளைப் பார்த்தான். "என்ன தாத்தா, வண்டிய எடுக்கச் சொல்லுங்க."

"எடுக்காது. சுத்திப் போங்கடா."

"பஸ்ஸு போயிரும்."

"போவட்டும்."

"டேய், இவருதான்டா இருக்கிறதுலயே பெரிய கட்ட."

பிள்ளைகள் சிரித்தார்கள். தர்ஷினி சிரிக்கவில்லை. தாத்தாவை முறைத்தாள். பதினோரு நாள் பயந்து பயந்து தேற்றிவைத்த தைரியத்தை எல்லார் முன்னாலும் அவர் பிடுங்கிவிட்டார் என்பதுபோல இருந்தது அந்தப் பார்வை.

அப்போது கேட்டிலிருந்து மோகனப்ரியா ஓடிவந்தாள். நேராக அந்த நெட்டைப் பையனிடம் போய், "கௌதம், போனக் குடு. வீட்டுக்கு நட மொதல்ல" என்றாள். பிறத்தியாரிடம் பேசுகிற குரல் இல்லை அது. வீட்டுக்குள் பேசுகிற குரல்.

திம்மராயனுக்கு அப்போதுதான் விளங்கியது.

பிள்ளைகள் வரிசையைச் சுற்றிப் போனபிறகு அவளைக் கேட்டார். "உன் தம்பியா?"

"ஆமா தாத்தா."

"மொத நாளே தெரியுமா?"

"செவப்புக் கயிறுன்னதுமே தெரியும். இருக்கன்குடி கோயில்ல கட்டுனது." அவள் கண்ணைத் துடைத்தாள். "டிசி குடுத்துட்டா என்ன செய்ய? பத்தாவது, இன்னும் ரெண்டு மாசத்துல பரீட்சை. அப்பா அவன ஐடிஐல சேக்கணும்னு ஒத்தக்கால்ல நிக்காரு. நான் அவன்ட்ட தெனமும் சொன்னேன் தாத்தா. இனிமே போகமாட்டேன்னு என் தலைல அடிச்சு சத்தியம் பண்ணான்."

"பத்தொம்போதாம் நம்பரு டப்பாவ உன் மேஜ மேல வெச்சன். அன்னிக்கும் லைட்டுன்னுதான் எழுதுன."

தம்பியிடம் வாங்கிய செல்லை அவள் கைக்குள் மூடிக்கொண்டாள்.

"என் மவன் ஏமாத்துனான். அவன் அப்பிடிப்பட்டவன், தெரிஞ்ச விஷயம். உன்ன நான் அப்பிடி வெக்கல."

மறுநாள் விசாரணை. நாற்பது நிமிஷம் வண்டி நகராததால் உள்ளே உற்பத்தி லைன் நின்றுபோனதாம். முத்துக்குமார் முந்தின நாள் சிரித்த முகத்தை எங்கோ வைத்துவிட்டு வந்திருந்தார்.

"பிள்ளைங்க அடில போறாங்கன்னு சொல்றீங்க. நல்லது. அத கார்டுல ஒரு வார்த்த எழுதியிருக்கலாம்ல? பதினோரு வாய்ப்பு இருந்துச்சே."

"நான் சொன்னத எழுதல சார்."

"யாரு எழுதல?"

மோகனப்ரியா பக்கத்தில்தான் நின்றிருந்தாள். வாயைத் திறக்கவில்லை. திம்மராயன் அவளுக்காகக் காத்திருந்தார். அவளே சொல்லட்டும் என்று.

"சரி, விளக்கக் கடிதம் ஒண்ணு குடுங்க. மோகனப்ரியா, ஐயா சொல்லச் சொல்ல எழுதும்மா" என்று எழுந்து போனார் முத்துக்குமார்.

வேறு யார் இருக்கிறார்கள் எழுத? சொன்னார். பன்னிரண்டாம் நம்பரில் தொடங்கி இருபத்திரண்டுவரை, நாள் விடாமல், கால்மணி நேரம் சொன்னார். அவள் எழுதினாள். எழுதியதைப் படிக்கச் சொன்னார். படித்தாள். சொன்னது எல்லாமே அதில் இருந்தது. ஆனால் படிக்கும்போது அவள் கண் தாளில் ஒரே இடத்தில் நின்றது. கீழே இறங்கவே இல்லை. தாளைக் கையில் வாங்கிப் பார்த்தார். கால்மணி நேரப் பேச்சுக்கு ஆறு வரி.

"கையெழுத்து அப்பறம் போடறன்" என்று மடித்துப் பையில் வைத்துக்கொண்டார்.

மத்தியானம் கரியப்பன் வண்டி வந்தது. தாளை அவரிடம் நீட்டி, "கூட்டாம கொறைக்காம படி" என்றார்.

கரியப்பன் படித்தார். "ஐயா, வயது மூப்பால் ஏற்பட்ட மறதியினாலும் மனக்குழப்பத்தினாலும் நேற்று வண்டிகளின் சாவியை வாங்கிவிட்டேன். இது என் தவறு. இனி இவ்வாறு நடக்காது. கருணை கூர்ந்து வேலையில் வைத்துக்கொள்ளுமாறு வேண்டுகிறேன்." தாளைத் திருப்பிப் பார்த்தார். "அவ்ளோதான்யா இருக்குது. ஏன், உங்களுக்கு மனக்குழப்பமா?"

"இல்ல" என்றார் திம்மராயன். "நேத்து வரைக்கும் இருந்துச்சு."

அன்று சாப்பிடவில்லை. நோட்டை விரித்து வட்டம் போட்ட இடங்களைத் தேடினார். அந்தக் கடிதத்தைத் திருப்பிப்போட்டு, வெற்றுப் பக்கத்தில் தன் கையாலேயே எழுதினார். தேதி, நேரம், வண்டி நம்பர். பதினோரு வரி. ஒரு தமிழ் எழுத்துகூட இல்லை. இன்னொரு தாளில் அதையே இன்னொரு முறை எழுதினார். பிறகு முத்துக்குமாரிடம் போனார்.

"கேட்டு மேல கேமரா இருக்குதில்ல. இந்த நேரத்த ஒவ்வொண்ணா போட்டுப் பாருங்க."

முத்துக்குமார் முதலாவதைப் போட்டார். பிறகு பத்தொன்பதாம் நம்பர் போன நாளைப் போட்டார். பை சக்கரத்துக்குள் போவதைப் பார்த்ததும் நிறுத்திவிட்டு எழுந்து நின்றார்.

"இந்த லிஸ்ட வேற யார்கிட்டயும் காட்டாதீங்க ஐயா. நாம உள்ளுக்குள்ளயே பாத்துக்கலாம்."

"இன்னொண்ணு காலைல இஸ்கூலுக்குப் போவுது" என்றார் திம்மராயன்.

போனது. பள்ளியில் பெற்றோரைக் கூப்பிட்டார்கள். கம்பெனி கேமராப் படத்தைக் கொடுக்கவேண்டியதாயிற்று. பத்தொன்பதாம் நம்பர் பிள்ளையின் அப்பா ஹெட்மாஸ்டரின் மேஜையைத் தட்டிய தட்டில் தண்ணீர் சொம்பு கீழே விழுந்ததாம். கௌதமுக்கு டிசி கொடுக்கவில்லை. பரீட்சைவரை அவன் அப்பா கூடவே வந்து விட்டுவிட்டு, கூடவே கூட்டிப்போகவேண்டும் என்று முடிவானது. சர்வீஸ் ரோட்டில் இரண்டாவது வண்டிக்கும் மூன்றாவது வண்டிக்கும் நடுவே பிள்ளைகள் கடக்க ஓர் இடைவெளி விட்டு மஞ்சள் கோடு போட்டார்கள். மூன்றே முக்கால் முதல் நாலரைவரை வெளியே நிற்கும் வண்டிகளின் சாவியும் வாங்கப்படும் என்று போர்டு வைத்தார்கள்.

அந்தச் சாவியை வாங்க திம்மராயனை வைக்கவில்லை. வயசாகிவிட்டது, வேறு இடம் போங்கள் என்று செக்யூரிட்டி காண்ட்ராக்டர் அவரை ஓசூரில் ஒரு கிடங்குக்கு மாற்றிவிட்டார். கடைசி நாள் மோகனப்ரியா டிபன் கேரியரை எடுத்துக்கொண்டு கேட்டுக்கு வந்தாள்.

"உங்க வேல போயிரக் கூடாதுன்னுதான் தாத்தா அப்பிடி எழுதுனேன். சத்தியமா."

"உன் தம்பிக்கும் சேத்துத்தான."

"ஆமா" என்றாள், தலையைக் குனிந்து. "அவனுக்கும் சேத்துத்தான்."

அந்த ஒரு பதிலை மட்டும் அவர் நம்பினார். டிபன் கேரியரை வாங்கவில்லை.

வீட்டில் இன்னொன்று காத்திருந்தது. படத்தில் பிள்ளைகள் நின்று கைதட்டியதும் தெரிந்ததில், தர்ஷினியின் பேரும் பள்ளிக்கூடத்துப் பட்டியலில் ஏறிவிட்டது. அவள் அம்மா ரோஜா முள் குத்திய கையாலேயே அடித்தாள். வகுப்பில் யாரும் தர்ஷினியோடு பேசுவதில்லை. வாட்ச்மேன் பேத்தி, காட்டிக்கொடுத்தவளாம்.

ஒரு சாயங்காலம் பள்ளியில் கொடுத்த தாள் ஒன்றை அவர் முன்னால் வைத்தாள். வீட்டில் பெரியவர்கள் யாராவது கையெழுத்துப் போடவேண்டுமாம்.

"இன்னா எழுதியிருக்குது? படிச்சுச் சொல்லு."

"சொல்லமாட்டன்னு சொன்ன இல்ல. சொல்லிட்ட இல்ல" என்றாள் தர்ஷினி. "நீயே படிச்சுக்க."

உள்ளே போய்விட்டாள்.

திம்மராயன் தாளை விளக்குக்கு நேரே பிடித்தார். நிறைய வரி இருந்தது. தேதி தெரிந்தது. ஒரு இடத்தில் 7 என்று இருந்தது. அதற்குப் பக்கத்தில் 23. மற்றதெல்லாம் வெறும் மை. படித்துச் சொல்ல அப்போது வீட்டில் வேறு ஆள் இல்லை. கையெழுத்துப் போடாமல் தாளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

உள்ளே இருபத்திமூன்றாம் நம்பர் கோபத்தோடு சோறு போட்டுத் தின்றுகொண்டிருந்தது. கரண்டியைச் சட்டியில் வேண்டுமென்றே இடித்தது. அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே இருந்தார்.